செத்தவனுக்குப் பெண் கேட்டவ

மகள், இதை நீ தனியாக இருக்கும்போது வாசி. பிறகு நீ கட்டப்போகிற மிஹாய்க்குச் சொல்லுவதென்றால் சொல்லு, சொல்லத்தான் வேண்டும், ஆனால் முதலில் நீ மட்டும் வாசி. ஃபோனில் சொல்லப் பார்த்தேன், வகுப்புத் தொடங்கப்போகுது என்றாய். நேரில் சொல்லலாம் என்று நீ வந்த ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தேன், அம்மா கலியாணச் சேலைகளைக் கட்டில் முழுக்கப் பரப்பிவிட்டு உனக்கும் எனக்கும் நடுவில் இருந்தா. எழுதினால் ஒரு வசதி இருக்கிறது. நீ கோபித்துக்கொண்டு எழும்பிப் போனாலும் நான் சொல்ல வந்ததை முடித்துவிடலாம்.

போன மாதம் நூலகத்தில் நீ பேசியபோது கடைசி வரிசையில் இருந்தேன். ருமேனியச் சிறுகதைகளில் சாவைப் பற்றிக் கிராமத்து ஆட்களுக்கு இருந்த நம்பிக்கைகள் என்று நீ இத்தனை வருடமாக எதைப் படிக்கிறாய் என்பது எனக்கு அன்றுதான் ஒழுங்காக விளங்கியது. ஒருவர் செத்த வீட்டில் கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள் என்றாய். உயிர் போக யன்னலைத் திறந்துவிடுவார்கள், பிணத்தைப் பூனை தாண்டினால் அது எழும்பி வரும் என்று பூனையைப் பிடித்துக் கட்டிவைப்பார்கள் என்றாய். செத்தவன் அங்கே பட்டினி கிடக்கக் கூடாதென்று அடுத்த வீட்டுக்காரருக்குக் கோப்பையும் பாணும் கொடுப்பார்கள் என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை இவ்வளவு வெள்ளைக்காரருக்கு முன்னால் பயமில்லாமல் நின்று பேசுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன்.

அப்போதுதான் நீ அந்தக் கதையைச் சொன்னாய். ஆற்றில் மூழ்கிச் செத்துப்போன ஒரு ஆட்டிடையன். கலியாணம் முடிக்காதவன். அப்படிப் போனவன் அடங்கமாட்டான் என்று அவனுடைய தாய் ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் அவனுக்குப் பெண் கேட்கிறாள். ஒரு திருவிழாவில் அவனோடு ஒரே ஒருமுறை ஆடிய பெண் ஒருத்தி கிடைக்கிறாள். அவளுக்குக் கலியாண உடுப்புப் போட்டு, தலையில் பூமுடி வைத்து, பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்த்துகிறார்கள். மோதிரம் மாற்றுகிறார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அவளை ஒருவனும் கேட்கவில்லை, பாவம் பார்த்த ஊர் ஆட்கள் அவள் வாசலில் எப்போதும் இரண்டு பேருக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போவார்கள் என்று முடித்தாய். முன்வரிசையில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு அழகு என்றாள். நீ தலையை ஆட்டினாய். பிறகு ஒரு கிழவர் கையை உயர்த்தி, உங்களுடைய தமிழ் ஆட்களிடமும் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். நீ தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தாய். இல்லை என்றாய்.

நான் எழும்பி வெளியே போனேன். கழிவறைக்குப் போனேன் என்று நினைத்திருப்பாய். காருக்குள் போய் இருந்தேன். நீ பொய் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. அந்தக் கிழவருக்கு உண்மை சொல்லவேண்டிய கடமை உனக்கில்லை. அந்தப் பெண் அழகு என்றபோது தலையாட்டினாயே, அதற்குத்தான் எழும்பிப் போனேன். ஆகவே உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்லப்போகிறேன். சுதனுடைய செத்தவீட்டு மண்டபத்தில் அன்றைக்கு நீயும் இருந்தாய், ஆனால் எதைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன். அதற்குப் பிறகு, நீ இல்லாத இடத்தில் இந்த மாதம் நடந்ததையும்.

உனக்குப் பேசின சுதன் நல்ல பெடியன். அதில் எனக்கு ஒருகாலமும் சந்தேகம் இருந்ததில்லை. அவனுடைய தாய் வசந்தாவும் கெட்ட மனுசி இல்லை. புருஷனைச் சண்டைக்காலத்தில் பறிகொடுத்துவிட்டு ஒரு கைக்குழந்தையோடு இந்த நாட்டில் வந்து இறங்கினவ. அஜின்கோர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்துகொண்டு, பக்டரியில் நின்றபடி வேலை செய்து, அவனை எஞ்சினியராக்கினா. உங்கள் இரண்டு பேருக்கும் நிச்சயம் செய்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மோர்னிங்சைட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு நண்டுக்கறி கொண்டுவருவா. தான் ஒரு வாய் சாப்பிடமாட்டா. நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பா. அப்போதே எனக்கு அது கொஞ்சம் பிடிக்கவில்லை, ஆனால் பிள்ளையை இவ்வளவு ஆசைப்படுகிற மாமி கிடைப்பது லேசில்லை என்று அம்மா என் வாயை அடைத்தா.

தாலிக்குப் பொன்னுருக்குகிற சடங்கு முடிந்து தாலியும் செய்தாயிற்று. இனிக் கலியாணம் வரைக்கும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்று வசந்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தா. பங்குனி மாதம், மழையாக விழுந்து தெருவில் ஐஸாகிற நாள். பல்கலைக்கழகத்தில் உன் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. நீ சுதனைக் கூப்பிட்டாய். அவன் விட்பியில் வேலை இடத்தில் இருந்து உன்னை ஏற்ற வெளிக்கிட்டான். ஹைவேயில் ஒரு ட்ரக் சறுக்கி அவனுடைய காரின் மேல் ஏறியது. கார் நின்றுபோன எவளும் கட்டப்போகிறவனைத்தான் கூப்பிடுவாள். இதை உனக்கு அப்போதே ஆயிரம் தரம் சொல்லியிருக்கவேண்டும், சொன்னேனா என்று ஞாபகமில்லை. ஆனால் செய்தி கேட்ட அந்த நேரமே வசந்தா கேட்ட முதல் கேள்வி, ஆர் அவனைக் கூப்பிட்டது என்பதுதான்.

அவனைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் நீ முதல் வரிசையில் இருந்தாய். கிரியையின் பாதியில் வசந்தாவின் தம்பி ஒரு தட்டத்தைக் கொண்டுவந்து உனக்கு முன்னால் வைத்தார். கூறைச்சேலை, பூமாலை, தாலிக்கொடி. நான் முதலில் அதைப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நீ அதை உடுத்துக்கொண்டு வரவேண்டும், செத்தவனுடைய கையைப் பிடித்து உன் கழுத்தில் தாலியைத் தொடுவிக்க வேண்டும், பெட்டி மூடுவதற்கு முன் அதைக் கழற்றி அவன் நெஞ்சில் போடவேண்டும் என்று அவர் மெதுவாக, ஏதோ கலியாணமண்டபத்தில் ஒழுங்கு சொல்லுகிற மாதிரிச் சொன்னார். கிரியை செய்ய வந்த ஐயர் குனிந்து தன்னுடைய சாமான்களை அடுக்கத் தொடங்கினார். ஒருவரும் எழும்பி மறிக்கவில்லை. அந்த மண்டபத்தில் டொக்டர் இருந்தார், கணக்காளர் இருந்தார், பள்ளிக்கூட அதிபராக இருந்தவர் இருந்தார்.

வசந்தா என்னிடம் வந்தா. அழவில்லை. "அண்ணை, அவன் கட்டாமல் போறான். கட்டாமல் போறது அடங்காது. தனக்கெண்டு பேசினவளைத் தேடித்தான் வரும். நான் உங்கட பிள்ளையைக் காப்பாத்தத்தான் கேக்கிறன்" என்றா.

உன் அம்மா என் கையைப் பிடித்து, அரை மணித்தியால வேலைதானே, செய்துவிட்டால் பிறகு பயமில்லாமல் இருக்கலாம் என்று காதுக்குள் சொன்னா. அம்மாவை நீ இதற்காகக் கோபிக்காதே. அவவுக்கு உண்மையாகவே பயம். செத்தவன் வந்து உன்னைக் கொண்டுபோய்விடுவான் என்று வருடக்கணக்காக உன் அறை யன்னலில் விபூதி பூசினவ. ஆனால் அன்றைக்கு என்னை உலுக்கியது வசந்தாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நீ எழும்பினாய். "அப்பா, நான் செய்யிறன்" என்றாய். உன் முகத்தில் ஒருவிதமான நிம்மதி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு விசர் பிடித்தது.

நான் சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். மண்டபம் முழுக்கக் கேட்டது. "வசந்தா, உங்கட மகனை எரிக்கிற நெருப்பிலை என்ரை மகளையும் சேர்த்துக் கிடத்தப் பாக்கிறியள். இவளைத் தாலியறுத்தவளாக்கி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவோ நான் வளர்த்தனான்?" பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிற ஒரு தாயிடம், அவனுடைய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இப்படிச் சொன்னேன். அவ கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனா. அவன் வந்து எடுப்பான், பார்த்துக்கொண்டிருங்கோ என்று மட்டும் சொன்னா.

உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவடியில் நீ என் கையைக் கடித்தாய். விடவில்லை. பின்சீற்றில் போட்டு, கதவு உள்ளிருந்து திறக்காதபடி பூட்டிவிட்டுக் காரை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. கிங்ஸ்டன் ரோட்டில் கிழக்கே போய், திரும்பி, மறுபடி கிழக்கே போனேன். ஒருக்கா முகத்தைப் பார்த்துவிட்டு வாறன் அப்பா, கட்டமாட்டன், பார்க்க மட்டும் விடுங்கோ என்று நீ கண்ணாடியில் குத்திக்கொண்டு வந்தாய். அங்கே தகனம் முடிந்திருக்கும் என்று நிச்சயமாகத் தெரியும்வரை நான் காரை நிற்பாட்டவில்லை. முகத்தைப் பார்க்க விட்டிருக்கலாமே என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய், வாயால் இல்லை, மேசையில் கோப்பையை வைக்கிற சத்தத்தால். விட்டிருந்தால் நீ தாலியோடுதான் திரும்பி வந்திருப்பாய். எனக்கு அது தெரியும், உனக்கும் தெரியும். இன்றைக்கு அந்த நாள் திரும்பி வந்தாலும் கதவைப் பூட்டித்தான் வைப்பேன்.

அதற்குப் பிறகு எங்கள் சனம் செய்ததை நீ மறக்கமாட்டாய். வீட்டுக்கு ஃபோன் வரும். எடுத்தால், மாப்பிள்ளை வந்திட்டாரோ என்று கேட்டுவிட்டு வைப்பார்கள். பொன்னுருக்கின பிறகு மாப்பிள்ளையைத் தெருவுக்குக் கூப்பிட்டு விழுங்கினவள் என்று கோயில் வீதியில் கதைத்தார்கள். மிசிசாகாவில் இருந்து வந்த ஒரு சம்பந்தம் சாதகம் பார்த்துச் சேலைக்கணக்கு வரை போய், பிள்ளை தங்கம், ராசிதான் யோசனையாக் கிடக்கு என்று நின்றது. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையுடைய மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு வைத்தபோது நீ ஆராத்தித் தட்டு ஒன்றைத் தூக்கப் போனாய். நீர் இரும் பிள்ளை, கால் நோகும் என்று சொல்லித் தட்டை வாங்கி ஒரு சின்னப் பெட்டையிடம் கொடுத்தார்கள். நீ முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்து கேக் சாப்பிட்டாய். முழுத்துண்டையும் சாப்பிட்டாய். அன்றைக்கு அந்த மண்டபத்துக்கு நெருப்பு வைக்கலாம் போல இருந்தது எனக்கு. செத்தவன் ஒருநாளும் உன்னைத் தேடி வரவில்லை, மகள். வந்தவர்கள் எல்லாரும் உயிரோடிருந்த ஆட்கள்தான்.

நீ வீட்டை விட்டு டவுண்டவுனுக்குப் போனாய். மேல்மாடியில் இருந்த ருமேனியக் கிழவி தன் புருஷன் செத்த அன்று கண்ணாடியைப் போர்வையால் மூடியதைக் கண்டு, ஏன் என்று கேட்கப் போனாய். அவ கதை சொன்னா. பிறகு அவவுடைய மொழியைப் படித்தாய், அந்த மொழிக் கதைகளைப் படித்தாய், அவவைப் பார்க்க வந்த பெறாமகன், அவவுடைய அக்காவின் மகன், மிஹாயைச் சந்தித்தாய். ஏன் இந்தப் பிள்ளை உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் விட்டு ருமேனியாக்காரருடைய சாவைப் படிக்கிறது என்று அம்மா கேட்பா. தெரியாது என்பேன். எனக்குத் தெரியும். உனக்கு நடந்ததை வேறு ஒரு ஊரில், வேறு ஒரு பாஷையில், வேறு ஒருத்திக்கு நடந்ததாக வாசித்தால்தான் உன்னால் வாசிக்க முடிகிறது. வாசி. அதில் பிழையில்லை. ஆனால் அந்த இடையனுக்குப் பக்கத்தில் உட்கார்த்தப்பட்டவளுக்கு அது அழகாக இருந்ததா என்று ஒருவராவது கேட்டிருந்தால், பதில் தெரிந்தவள் நீ ஒருத்திதான் அந்த நூலகத்தில் இருந்தாய். ஊருக்கெல்லாம் கதையாகச் சொல்லத் தெரிந்த உனக்கு மிஹாய் ஒருவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கலியாணத்துக்கு முன்னம் சொல்லு. ஸ்காபரோவில் இருந்து யாராவது அவனுடைய சித்திக்குச் சொல்லும்வரை வைத்திருக்காதே. சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார். பயந்தால் விட்டுவிடு, கலியாண மண்டபத்துக்குக் கட்டிய காசு போனால் போகட்டும்.

இனி நீ அறியாததுக்கு வருகிறேன். நூலகத்தில் நீ பேசி ஒரு கிழமை இருக்கும், வசந்தாவின் தம்பி எனக்கு ஃபோன் எடுத்தார். அக்காவுக்குக் கான்சர், முற்றிவிட்டது, உங்களை ஒருக்கா வரட்டாம் என்றார். அம்மாவுக்குச் சொல்லவில்லை. பின்னேரம் மருந்து எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டிலில் அவ ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தா. தலைமாட்டில் சுதனுடைய பட்டமளிப்புப் படம். என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டினா. மண்டபத்தில் நடந்ததைப் பற்றி அவவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிள்ளை எப்படி என்று கேட்டா. சுகம் என்றேன். மெலிஞ்சிட்டாளோ என்றா. இல்லை என்றேன். அவளுக்கு நண்டு விருப்பம், இப்பவும் சாப்பிடுறவளோ என்று கேட்டா. உண்மையைச் சொல்லுகிறேன், அந்தக் கேள்விக்கு மட்டும் நான் தயாராகப் போகவில்லை.

பிறகு அவ சொன்னா, சுதனுடைய திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் இரண்டு இலை போடுகிறவவாம். ஒன்று அவனுக்கு. மற்றது உனக்கு.

"இருக்கிற என்ரை பிள்ளைக்கு நீங்கள் திவசம் குடுத்தனீங்களோ?" என்று கேட்டேன். சத்தம் கூடிவிட்டது, நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"திவசம் இல்லை, அண்ணை. அவன் தனிய இருந்து சாப்பிடமாட்டான். அவளும் பக்கத்திலை இருக்கிறாள் எண்டு காட்டத்தான்." மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னா. "அவன் போகேல்லை. அவளுக்காகத்தான் நிக்கிறான். நான் இப்ப போய் அவனுக்குச் சொல்லவேணும், அவள் வருவாள், பொறு எண்டு." என் கையைப் பிடித்தா. சுடவும் இல்லை, குளிரவும் இல்லை, காகிதம் மாதிரிக் கை. "அவள் இன்னும் ஒருதரையும் கட்டேல்லைத்தானே?"

ஓம், கட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. உன் கலியாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. சாகக் கிடக்கிற ஒரு மனுசி, வேறு பிள்ளை இல்லாதவ, என் வாயில் இருந்து ஒரு சொல்லைத்தான் கேட்டா. அதைக் கொடுத்தால் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பா. நீ என்னுடைய இடத்தில் இருந்தால் கொடுத்திருப்பாய், உனக்கு இரக்கம் கூட. ஆனால் எனக்கு அந்தச் சாமத்தியவீடும் நீ கேக் சாப்பிட்டதும் கண்ணுக்குள் நின்றன. ஒவ்வொரு பங்குனியும் அஜின்கோர்ட்டில் ஒரு அறைக்குள் செத்தவனுடைய இலைக்குப் பக்கத்தில் உனக்கும் இலை விரித்து, சோறு போட்டு, நீ வருவாய் என்று கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறா. இந்த நினைப்போடு இவ போய்ச் சேர்ந்தால் உன்னைச் செத்தவனுக்கு நேர்ந்துவிட்டதாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அப்படி இருந்தும் பட்டது.

"கட்டப்போறாள்" என்றேன். "அடுத்த மாதம். விட்பியிலை வீடு வாங்கியிட்டினம். ருமேனியாக்காரப் பெடியன், உயரமானவன். அவனோடை இருக்கேக்கை அவள் வாய் விட்டுச் சிரிக்கிறாள், வசந்தா. அவள் உங்கட மகனை மறந்திட்டாள்."

கடைசி வசனம் பொய். உனக்கும் எனக்கும் அது தெரியும். வேணுமென்றுதான் சொன்னேன்.

அவ என் கையை விட்டுவிட்டா. பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ இப்போதுதான் செய்தி கேட்ட ஆள் மாதிரி, கேட்டா.

"அப்ப என்ரை பிள்ளை செத்துப்போனான், என்ன அண்ணை?"

"ஓம்" என்றேன்.

அப்போதுதான் அழுதா. சுதனுடைய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ, வாயைத் திறந்து, சத்தம் வராமல், உடம்பெல்லாம் ஆட அழுதா. நான் தொட்டு ஆறுதல் சொல்லவில்லை. எழும்பியும் போகவில்லை. அழுது முடியும்வரை கதிரையில் இருந்தேன். நர்ஸ் வந்து, நீங்கள் சொந்தக்காரரா என்று கேட்டாள். நான் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டொரு நாளில் அவ போய்விட்டா. செத்தவீட்டுக்கும் நான்தான் போனேன், எங்கள் வீட்டில் இருந்து ஒரே ஆளாக. கொஞ்சப்பேர்தான் வந்திருந்தார்கள். தம்பிக்காரர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பெட்டி மூடும்வரை நின்றேன்.

நீ இதை வாசித்துவிட்டு என்னோடு கதைக்காமல் விடலாம். முன்னமும் விட்டிருக்கிறாய், தாங்கியிருக்கிறேன். கலியாணத்துக்கு வரவேண்டாம் என்றாலும் வராமல் இருப்பேன், அம்மாவை மட்டும் கூப்பிடு. ஆனால் வசந்தாவுக்காக விளக்கு வைக்காதே, அந்தத் திவசத்தை நீ எடுத்துச் செய்யாதே. உன்னுடைய மனம் அப்படித்தான் ஓடும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லுகிறேன். அந்த வீட்டுச் சாமான்களைத் தம்பிக்காரர் வெளியே போட்டுவிட்டார், வேறு யாரோ குடிவரப்போகிறார்கள். வருகிற பங்குனியில் எந்த வீட்டிலும் உனக்கு இலை விழாது, மகள். பசித்தால் நீயே போட்டுச் சாப்பிடவேண்டியதுதான்.

அப்பா